மரக்காணத்தில் விழாத விமானம்

கிருஷ்ணசாமி திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறையில் கிடந்தான்.

கொன்றவன் தான்தான் என்று தென்னரசுவுக்குத் தெரியும்.

கிருஷ்ணசாமியை அவன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

செய்தி கிடைத்தது மேம்பாலத்துக்குக் கீழே உள்ள டீக்கடையில். பால்காரர் ஒருவர் கையில் கிளாசோடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அங்கே ஒரு மீனவன். செல்போனில் வந்த படத்தைப் பார்த்திருக்கிறான். கடலில் விமானம் விழுகிற படம். ஏதாவது பாகம் மிதக்கும், இழுத்து வரலாம் என்று இருட்டுகிற நேரத்தில் தனியாக மீன்பிடிப் போட்டைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். விடிந்தபோது உடல் கரையில் கிடந்தது. மண்டையில் அடி. போட்டு கவிழ்ந்து மோதியிருக்க வேண்டும்.

"என்னாண்டயும் இருக்குது அந்தப் படம்," என்று பால்காரர் போனை எடுத்தார்.

எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

தென்னரசு நீட்டவில்லை. அவனுக்கு அது மனப்பாடம்.

எடுத்தவன் அவன்.

டீ ஆறிப்போனது. அப்படியே வைத்துவிட்டு நடந்தான்.

* * *

அது 2010. திண்டிவனத்தில் எல்லோர் சட்டைப் பையிலும் கேமரா போன் வந்துவிட்ட வருடம்.

தென்னரசு கல்யாண வீடியோ எடுப்பவன். எடுத்ததைத் தன் சின்னக் கடையில் உட்கார்ந்து மிக்சிங் செய்வான். மாப்பிள்ளையின் தலையைச் சுற்றி ரோஜாப்பூ பறக்க வைப்பது தொழில்.

தொழில் முடிந்தால் விமானம்.

கம்ப்யூட்டரில் ஓடும் போர் விமான விளையாட்டு. உலகப் போர்க் காலத்து விமானங்கள். துரத்திச் சுட வேண்டும். தென்னரசு சுடுவதில் மட்டம். அவனுக்குப் பிடித்தது சண்டை முடிந்த பிறகு வருவது. நடந்த சண்டை முழுவதையும் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும். அதற்கு ட்ராக் என்று பெயர். ட்ராக்கை ஓட விட்டால் அதே சண்டை மறுபடி நடக்கும். இந்த முறை கேமராவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

அதற்கென்றே ஒரு கேமரா டூல் இருந்தது. யாரோ ஒரு வெளிநாட்டு ரசிகன் எழுதி இலவசமாகக் கொடுத்தது. அது இருந்தால் இறக்கைக்கு அடியில் உட்காரலாம். குண்டுக்கு முன்னால் பறக்கலாம். அலைக்கு ஒரு சாண் மேலே நின்று, விமானம் தன் தலையில் விழுவதை நிதானமாகப் படம் பிடிக்கலாம்.

மண்டபத்தில் மாமனார் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகியவனுக்கு அது சொர்க்கம்.

ஒரே ஒரு குறை. அந்தக் கேமரா ஆடாது. ஆடாத கேமரா பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கும் வழி கண்டுபிடித்தான். மயிலம் மலைக்கோயில் கல்யாணம் ஒன்றில், தாலி கட்டும் நேரத்தில் கூட்டம் அவன் முழங்கையை இடித்துத் தள்ளியிருந்தது. அந்த வீடியோவின் ஆட்டத்தை அப்படியே அளந்து டூலில் ஏற்றினான்.

விமானம் புகையோடு விழுந்தது. கேமரா பயந்தவன் கை போல நடுங்கியது. செல்போனில் எடுத்தது போல மங்கலாக்கினான். ஓட விட்டுப் பார்த்தபோது அவனே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

ஊர் நம்புமா...?

எதிரே சந்தோஷின் கடை. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை. பாட்டோடு பாட்டாக இதையும் ஏற்றச் சொன்னான். 'நேத்து சாயந்திரம் மரக்காணம் கடல்ல' என்று பெயரும் வைத்துக் கொடுத்தான்.

ஊர் நம்பியது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் சிரித்துக்கொண்டே திரிந்தான்.

மூன்றாம் நாள் அந்த டீக்கடை.

* * *

"அழிச்சிடு மச்சான்," என்றான் சந்தோஷ்.

தென்னரசுவின் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"அழிச்சிட்டா?"

"அழிச்சிட்டா இன்னா? எவன் எடுத்தான்னு எவனுக்குத் தெரியும்? ஊர்ல ஆயிரம் போனு. ஆயிரம் போன்லயும் படம். ஒண்ணும் பேஜாரு இல்ல. ஜல்தி அழி."

"உனக்குத் தெரியுமே."

"ஏத்துனதே நான். நானா போய் சொல்லப் போறேன்?"

தென்னரசு மவுசைத் தொடவில்லை.

"அந்தாளுக்குக் கல்யாணம் ஆயிருக்குதா?"

"ஆயிருந்தா இன்னாடா? கல்யாண வீடியோ நீயா எடுத்த?"

சொன்ன பிறகு சந்தோஷுக்கே அது நன்றாக இல்லை. எழுந்து போய்விட்டான்.

தென்னரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏன் போகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கால் போனது.

பிணவறைக்கு வெளியே வேப்பமரம். அதன் அடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள்தான் பெண்சாதி, அம்சா என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

கூட்டத்தின் நடுவில் ஓர் ஆள் பேசிக்கொண்டிருந்தான். பெயர் விருத்தாசலம். ஒலக்கூர்க்காரன். போட்டு இஞ்சின் மெக்கானிக். குப்பங்களுக்கெல்லாம் போய் இஞ்சின் பழுது பார்ப்பவன். செத்தவனைக் கடைசியாகப் பார்த்தவன் அவன்தான். அந்தப் படத்தைத் தன் கண்ணெதிரே பார்த்துவிட்டுத்தான் கிருஷ்ணசாமி கடலுக்குக் கிளம்பினான் என்றும், தான் கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்கவில்லை என்றும் சொன்னான். சொல்லும்போது கிரீஸ் படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"படத்த எடுத்தவன் மட்டும் என் கைல கெடைக்கணும்..." என்றான்.

தென்னரசு அவனுக்கு மூன்று அடி தூரத்தில் நின்றிருந்தான்.

வேப்பமரத்தின் பக்கம் திரும்பினான்.

அம்சா தலை நிமிர்ந்து பார்த்தாள். அவனை இல்லை. அவனுக்குப் பின்னால் இருந்த சுவரை. அதுவே போதுமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கடைக்கு வந்து சேர்ந்தான்.

* * *

ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தான். அழிக்கும் பொத்தானை அழுத்தினான்.

நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அப்போது போன் அடித்தது.

புது நம்பர்.

"தென்னரசுவா?" பெண் குரல்.

"ஆமாங்க..."

"சப்-இன்ஸ்பெக்டர் துர்கா பேசறேன். உன் ஃப்ரெண்டு சந்தோஷ் இங்க ஸ்டேஷன்ல உக்காந்து அழுதுக்கினு இருக்கான்."

தென்னரசு போனை மறு காதுக்கு மாற்றினான்.

"மேடம்... அந்தப் படம்..."

"தெரியும். கம்ப்யூட்டரத் தொடாத. வர்றோம்."

லைன் கட்டாகிவிட்டது.

கம்ப்யூட்டர் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. நிச்சயமாக அழிக்கவா?

ஜீப் வர நேரம் ஆகும். இப்போது அழித்தால் எதுவும் இருக்காது. பயந்துபோன சந்தோஷின் வாய்வார்த்தை மட்டும்தான். அதை மறுத்துவிடலாம். எனக்கு ரோஜாப்பூ சுற்றத்தான் தெரியும் மேடம் என்று சொல்லிவிடலாம்.

விரல் மவுசின் மேல் இருந்தது.

அந்தப் பிளாஸ்டிக் பையின் காது நினைவுக்கு வந்தது. முறுக்கி முறுக்கி அது கயிறு மாதிரி ஆகியிருந்தது.

'வேண்டாம்' என்ற இடத்தில் அழுத்தினான்.

* * *

ஜீப்பில் நான்கு பேர் வந்தார்கள்.

துர்கா முதலில் இறங்கினாள். கோலியனூரில் பிறந்து விழுப்புரத்தில் படித்தவள். வயது முப்பது இருக்கும். பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்பவள். பின்னால் ஏட்டு மண்ணாங்கட்டி. ஓய்வு பெறப் போகிற வயது. அவருக்குப் பின்னால் விருத்தாசலம். கடைசியாக அம்சா.

கிருஷ்ணசாமியின் போன் கடல் தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டது. அவன் பார்த்தது இந்தப் படம்தான் என்று விருத்தாசலம் அடையாளம் காட்ட வேண்டும், பெண்சாதி கூட இருக்க வேண்டும். அதற்குத்தான் அழைத்து வந்திருப்பதாகத் துர்கா சொன்னாள்.

அம்சாவுக்கு ஸ்டூலை நகர்த்தினான் தென்னரசு. அவள் உட்காரவில்லை.

"எங்க எடுத்த?" என்றாள் துர்கா.

"இங்கதான் மேடம்."

"இங்கன்னா?"

"இந்த நாற்காலில."

ஏட்டு மண்ணாங்கட்டி நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

தென்னரசு விளக்கினான். விமானம் இல்லை. கடல் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வரைந்தது. கேமராகூட நிஜம் இல்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியமும் வாக்குமூலம் மாதிரி கேட்டது. துர்கா ஓட்டிக் காட்டச் சொன்னாள்.

ட்ராக்கை ஓட விட்டான்.

பெரிய திரையில் விமானம் புகையோடு வந்தது. ஊர் பார்த்த மங்கல் இதில் இல்லை. அலையின் நுரை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"நிறுத்து. இந்தக் கேமராவ நவுத்த முடியும்னியே... நவுத்து."

விமானத்தை அந்தரத்தில் நிறுத்தினான். மவுசைப் பின்னால் இழுத்தான். கேமரா விமானத்தை விட்டு விலகியது. மேலே ஏறியது. கடல் விரிந்தது. தொடுவானம் முழுசாகத் திரைக்குள் வந்தது. அங்கே, செல்போன் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த அதே சூரியன், தண்ணீரில் பாதி முங்கிச் செக்கச்சிவப்பாக.

அழகாகத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்துக்காகவே அவன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

விருத்தாசலம் திரையருகே வந்தான். சூரியனை விரலால் தொட்டான்.

"இதேதான் மேடம். இதக் காட்டித்தான் சொன்னான். 'அண்ணே, பொழுது உழுற எடத்துக்கு நேரா போட்ட வுட்டா விமானத்தப் புடிச்சிடலாம்'னான். இன்னும் என் காதுல இருக்குது மேடம். நான் வேணாம்னு எவ்வளவோ..."

மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தென்னரசு கண்ணை மூடிக்கொண்டான்.

"யாரு சொன்னாங்க?"

அம்சா. இவ்வளவு நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"உங்க வூட்டுக்காரருதாம்மா," என்றான் விருத்தாசலம்.

"பொழுது உழுற எடத்துக்கா?"

"ஆமா."

"கடல்லயா?"

விருத்தாசலம் அவளைத் திரும்பிப் பார்த்தான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை.

அம்சா கோபப்படவில்லை. வழி தெரியாதவனுக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னாள்.

"எங்க ஊர்ல பொழுது கடல்லேர்ந்து மொளைக்கும்ணே. உழுறது ரோட்டுப் பக்கம். பொழுது உழுற எடத்துக்கு நேரா போட்ட வுட்டா, இந்த திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்து நிக்கணும்."



துர்கா திரையைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். படத்தின் பெயரைப் பார்த்தாள். 'நேத்து சாயந்திரம் மரக்காணம் கடல்ல.'

கோலியனூர்க்காரிக்கு அது தோன்றவில்லை. திண்டிவனத்துக்காரனுக்குத் தோன்றவில்லை. ஒலக்கூர்க்காரனுக்கும் தோன்றவில்லை. எல்லோரும் விமானத்தைப் பார்த்தார்கள். கடற்கரையில் பிறந்தவன் மட்டும்தான் சூரியனைப் பார்ப்பான்.

"அன்னிக்கி போன்ல எதையோ பாத்துட்டு சிரிச்சாரு," என்றாள் அம்சா. "விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'எந்த ஊர்க் கடலோ, எந்த ஊர் மடையனோ'ன்னாரு. நான் மீன் ஆஞ்சிக்கினு இருந்தேன். எட்டிப் பாக்கல. ஏதோ படம் பாத்துட்டுக் கடலுக்குப் போனாருன்னு நீங்கல்லாம் சொன்னப்போ, அது வேற படம்னு நெனச்சேன்."

திரைக்கு அருகே வந்து நின்றாள்.

"எதுக்கு சிரிச்சாருன்னு இப்பதான் தெரியுது."

துர்கா அம்சாவிடமிருந்து கண்ணை எடுத்தாள். விருத்தாசலத்தின் மேல் வைத்தாள்.

"படத்தப் பாத்து சிரிச்சவரு, அத நம்பிக் கடலுக்குப் போனாரா?"

"நான்... சரியா கேக்கலயோ என்னமோ மேடம்..."

"இப்பதான காதுல இருக்குதுன்ன?"

விருத்தாசலம் ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. மூன்றாவது அடியில் முதுகு எதன் மேலோ இடித்தது.

ஏட்டு மண்ணாங்கட்டி.

"எங்கப்பா கெளம்பிட்ட?" என்றார் அவர். "பொழுது உழுற பக்கமா?"

துர்கா குரலை உயர்த்தவில்லை. உடம்பில் ஒரே ஒரு அடிதான், அதுவும் பின்மண்டையில் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். போட்டு மோதினால் முன்பக்கமோ பக்கவாட்டிலோ சிராய்ப்பாவது இருக்கும். அது அப்போதே உறுத்தியது, ஆனால் ஊர் முழுக்க ஒரே கதையைச் சொன்னதால் விட்டுவிட்டதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ஒலக்கூர்ல உன் ஷெட்டு இருக்குதுல்ல? அடிச்ச இரும்பு அங்க இருக்குதான்னு போய் தொறந்து பாக்கலாமா?"

அம்சா வேண்டாம் என்ற ஸ்டூலில் விருத்தாசலம் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஷெட்டில் இருந்தவை வேறு வேறு குப்பங்களில் காணாமல் போன போட்டு இஞ்சின்கள். பழுது பார்க்கப் போன இடத்திலேயே நோட்டம் விட்டுத் திருடியவை. நம்பரை அரத்தால் ராவிவிட்டு விற்பான். தன் இஞ்சினுக்குப் பாகம் வாங்கப் போன கிருஷ்ணசாமி அதைப் பார்த்துவிட்டான். ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிடுவேன் என்றான். சொன்னால் கடற்கரையில் எந்தக் குப்பத்திலும் விருத்தாசலம் கால் வைக்க முடியாது. உயிரோடும் திரும்ப முடியாது.

இஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று கரைக்குக் கூப்பிட்டான். குனிந்தவனை ஸ்பேனரால் அடித்தான். போட்டில் தூக்கிப் போட்டு இஞ்சினைக் கிளப்பிக் கடலுக்குள் விட்டுவிட்டான். மற்றதை அலை பார்த்துக்கொண்டது.

அம்சா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள்.

தென்னரசுவின் நெஞ்சில் இருந்த பாறை அசைந்தது. உருண்டது. காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

"அப்ப... என் படத்தால இல்லியா மேடம்?"

பதில் சொன்னது துர்கா இல்லை. விருத்தாசலம்.

"உன் படத்தாலதான்."

தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தான்.

"அவன் வாய மூடணும்னு நெனச்சேன். ஆனா தைரியம் வரல. செத்தா ஏன் செத்தான்னு கேப்பாங்களே, இன்னா சொல்றதுன்னு வழி தெரியாமக் கெடந்தேன். அப்பதான் உன் படம் வந்துச்சு. ஊரே வாயப் பொளந்துக்கினு பாக்குது. இது போதும்னு தோணிச்சு. நானே அவன் போனுக்கு ப்ளூடூத்துல அனுப்பி வுட்டேன். அடிச்சது என் கை. வழி காட்டுனது நீ."

பாறை திரும்பி வந்து உட்கார்ந்தது. முன்பைவிடக் கனமாக.

ஏட்டு விருத்தாசலத்துக்கு விலங்கு மாட்டினார். துர்கா கம்ப்யூட்டரைச் சீல் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பொய்ச் செய்தி பரப்பியதற்குத் தென்னரசுவின் மேலும் கேஸ் உண்டு, விழுப்புரம் வர வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். வரமாட்டேன் என்று சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

வாசலில் அம்சாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"யக்கா... என்னை..."



அவள் அவனைப் பார்த்தாள். இந்த முறை சுவரை இல்லை. அவனை.

"அவரு கடைசியா சிரிச்சது உன் படத்தப் பாத்துதான் தம்பி."

அது மன்னிப்பா, சாபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் இரண்டும் இல்லை. பையைக் கையில் இடுக்கிக்கொண்டு ஜீப்பின் முன்பக்கம் ஏறினாள்.

பின்பக்கத்தில் தென்னரசு. எதிரே விலங்கோடு விருத்தாசலம். நடுவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏட்டு மண்ணாங்கட்டி.

ஜீப் விழுப்புரம் ரோட்டில் திரும்பியது. தென்னரசு தலையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

ஏட்டு கம்ப்யூட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு அவன் முதுகில் தட்டினார்.

"செத்தவரு உன் படத்த நம்பல தம்பி. நம்பி மாட்டுனது ரெண்டே பேரு. ஒண்ணு, இதோ இந்தக் கொலகாரன். இன்னொண்ணு... எங்க டிபார்ட்மெண்ட்டு."